உற்றறிவும் மின்படைக்கலமும்: இயந்திர விலங்குக் கதைகள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

இலக்கிய விமர்சனம் எதனைத் தன் ஆய்வுப் பொருளாகக் கொள்ளலாம் என்னும் வினா நம்மிடையே காலத்துக்குக் காலம் எழுந்து வந்துள்ளது. நாட்டுக்கூத்தும் நாட்டார் பாடலும் ஒரு காலத்திற் பண்டிதர்களாற் புறக்கணிக்கப்பட்டவையே. நாவலும் சிறுகதையும் தமக்குரிய மதிப்பைப் பெறுவதற்குப் போராட வேண்டியிருந்தது. சினிமாவைப் பற்றிப் பல்கலைக்கழக மட்டத்திற் பேசுவது தகாது எனக் கருதியோரும் இருந்தனர். இன்று அதே இடத்தில் நிற்பது கணினி விளையாட்டு. இளந்தலைமுறையினர் நாவல் வாசிப்பிற் செலவிடும் நேரத்தைவிட இதிற் செலவிடும் நேரம் பல மடங்கு அதிகம் என்பதை நமது விடுதி அறைகளே சான்று பகரும். பெருந்தொகையினரின் உணர்வை உருவாக்கும் ஒரு கலைவடிவத்தை விமர்சனம் ‘சிறுபிள்ளை விளையாட்டு’ என ஒதுக்குமாயின், அவ்வுணர்வு எத்தகைய கருத்துநிலையால் வார்க்கப்படுகிறது என்பதை அறியும் வாய்ப்பையும் அது இழந்துவிடும்.

இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் பொருள் மிகச் சிறியது. விலங்கின் உருவிற் படைக்கப்பட்ட போர்ப் பொறிகளைக் கொண்ட கற்பனைக் கதைகளில் மின்னதிர்ச்சி ஆயுதம் பெறும் இடம் யாது, அவ்வாயுதத்தைப் படிப்படியாக ‘மேம்படுத்தல்’ என்பது எதனைச் சுட்டுகிறது என்பனவே ஈண்டு ஆராயப்படுவன. யப்பானியப் படைப்பாகிய ‘சொயிட்ஸ்’, ஒல்லாந்திற் படைக்கப்பட்ட ‘ஹொறைசன் சீரோ டோன்’ ஆகிய இரண்டும் எடுத்துக்காட்டுகளாகக் கொள்ளப்படுகின்றன. பொருள் சிறிதாயினும் அது எழுப்பும் வினா சிறிதன்று. நோவு என்பதை நாம் எங்கே காண்கிறோம், எங்கே காண மறுக்கிறோம் என்பதே அவ்வினா.

1

மின்னதிர்ச்சியைப் பிற ஆயுதங்களோடு ஒருங்கு வைத்து எண்ணுவது வழக்கம். ஆயின் வாளும் குண்டும் உடலைத் துளைப்பன. தீ உடலை எரிப்பது. இவை உயிருள்ளதையும் உயிரற்றதையும் ஒரே வகையில் அழிக்கவல்லன. மின்னதிர்ச்சியோ அவ்வாறன்று. உடலைச் சிதைக்காமலே, உடலுக்கும் அதனை ஆளும் நரம்புக்கும் இடையே புகுந்து, உடலை அதன் உரிமையாளரிடமிருந்து பறித்துக்கொள்வது அதன் சிறப்பியல்பு.

இவ்வியல்பு மனிதன் கண்டுபிடித்தது அன்று. தென்னமெரிக்க ஆறுகளில் வாழும் மின்விலாங்கு இதனை நெடுங்காலமாகவே அறியும். 2014 ஆம் ஆண்டில் கென்னத் கற்றானியா என்னும் அமெரிக்க உயிரியலாளர் வெளியிட்ட ஆய்வு, இம்மீன் வெளியிடும் மின்துடிப்புகள் இரையின் இயக்க நரம்புகளைத் தூண்டி அதன் தசைகளை ஒருங்கே சுருங்கச் செய்கின்றன என்பதைக் காட்டியது. இரை ஓட நினைக்கிறது. அதன் தசையோ வேட்டையாடியின் ஆணைக்குக் கட்டுப்பட்டு விறைத்து நிற்கிறது.

இத்தாலியரான லூயிஜி கல்வானி பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் நிகழ்த்திய தவளைப் பரிசோதனைகள் இவ்வுண்மையின் மற்றொரு பக்கத்தைக் காட்டின. 1791 இல் அவர் தம் முடிவுகளை வெளியிட்டார். இறந்த தவளையின் கால் மின்தொடுகையால் துடித்தது. அத்துடிப்பின் மூலம் தவளையின் உடலிலே உள்ளதா, தொட்ட உலோகங்களிலே உள்ளதா என்பது பற்றிக் கல்வானிக்கும் வோல்ற்றாவுக்கும் எழுந்த விவாதத்தின் விளைவாகவே 1800 இல் வோல்ற்றாவின் மின்கல அடுக்குத் தோன்றியது. உயிருக்கும் மின்னுக்கும் உள்ள இவ்வுறவு மேரி ஷெல்லியின் ‘பிராங்கென்ஸ்ரைன்’ நாவலின் சிந்தனைப் பின்புலத்திலும் இடம்பெற்றது. 1818 இல் வெளிவந்த அந்நாவலுக்கு 1831 இல் எழுதிய முன்னுரையிற் கல்வானியின் பெயரால் வழங்கிய மின்னியலை அவர் குறிப்பிட்டமை மனங்கொளத்தக்கது.

மின்படைக்கலம் மெய்யான கருவியாவதற்கு முன்னரே கதையிற் பிறந்துவிட்டது என்பதும் ஈண்டு நோக்கற்பாலது. 1911 இல் அமெரிக்காவில் ‘ரொம் சுவிப்ற்’ என்னும் சிறுவர் நாவல் வரிசையில் ஒரு நூல் வெளிவந்தது. விக்ரர் அப்பிள்ரன் என்னும் பதிப்பகப் புனைபெயரில் வந்த அந்நூலின் நாயகன் தான் செய்த மின்துப்பாக்கியுடன் ஆபிரிக்காவுக்கு யானை வேட்டைக்குச் செல்கிறான். ஆபிரிக்க மக்களை இழிவாகச் சித்திரிக்கும் அந்நூல் ஏகாதிபத்தியக் காலத்துச் சிறுவர் இலக்கியத்தின் முறையான வாரிசு. ஆறு தசாப்தங்களின் பின்னர், ஜக் கவர் என்னும் அமெரிக்கப் பௌதிகவியலாளர் மனிதரை மின்னால் வீழ்த்தும் கைக்கருவி ஒன்றை உருவாக்கி, 1974 அளவில் அதனை நிறைவுசெய்தார். ‘ரேசர்’ என அதற்கு அவர் இட்ட பெயர், தம் இளமையில் விரும்பிய அந்நூலின் தலைப்பிலுள்ள சொற்களின் முதலெழுத்துகளைத் தழுவியதாகும். யானையை வீழ்த்தும் கற்பனை மனிதனை வீழ்த்தும் மெய்க்கருவிக்குப் பெயர் கொடுத்தது. கதைகள் விளைவற்றவை என்போர் இவ்வொரு செய்தியையேனும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

2

சொயிட்ஸ் என்பது ரொமி என்னும் யப்பானிய விளையாட்டுப் பொருட் கம்பனி 1980 களின் தொடக்கத்திற் சந்தைக்குக் கொண்டுவந்த பொருத்து பொம்மைகளின் தொகுதி. சிங்கம், ஓநாய், தேள், கொரில்லா, பல்லிப் பேருயிர் எனப் பல விலங்குருவில் அமைந்த இப்பொம்மைகள் முறுக்குவில்லாலோ மின்கல மோட்டாராலோ நடப்பன. இவற்றைச் சூழ ஒரு கதையுலகும் படைக்கப்பட்டது. ஸீ என்னும் கிரகத்தில் உலோகத்தாலான உயிரினங்கள் வாழ்கின்றன. அவற்றின் உயிர்க்கருவைச் சூழ்ந்து போர்ப் பொறிகள் கட்டப்படுகின்றன. ஹெலிக் குடியரசும் செனெபாஸ் பேரரசும் அவற்றைக்கொண்டு போரிடுகின்றன. ஆகவே சொயிட் என்பது முற்றிலும் பொறியுமன்று, முற்றிலும் விலங்குமன்று. உயிருள்ள ஒன்றின்மீது ஆயுதம் பொருத்தப்பட்ட நிலை அது.

1999 இல் இத்தொகுதி மீண்டும் சந்தைக்கு வந்தபோது, பொம்மைகளோடு ஆயுதங்களும் துணைப்பாகங்களும் தனிப் பொதிகளாகவும் விற்கப்பட்டன. ஒரு விலங்கை வாங்கியவன் அதனை வலிமைப்படுத்துவதற்கு மேலும் ஒரு பொதியை வாங்கவேண்டும். மேம்பாடு என்பது இங்கே பண்டத்தின் மற்றொரு பெயர். பீரங்கியோ, ஏவுகணையோ, மின்னதிர்ச்சிக் கருவியோ, அது எவ்விலங்கின் முதுகில் ஏறுகிறது என்பது பொருட்டன்று. கருவிக்கும் விலங்கின் இயல்புக்கும் இடையே உறவு எதுவும் வேண்டப்படுவதில்லை.

ஆயினும் இத்தொகுதியை ஒட்டி எழுந்த தொலைக்காட்சிச் சித்திரத் தொடர்கள் இவ்வணிகத் தர்க்கத்துக்கு முழுமையாகக் கட்டுப்படவில்லை என்பதைக் கூறாதுவிடல் நேர்மையன்று. 1999 இல் ஒளிபரப்பாகத் தொடங்கிய முதற்றொடரில், நாயகன் வானின் சிங்கப்பொறி எதிரியிடம் தோற்றுச் சிதைந்தபின் புதிய உருவம் பெற்றெழுகிறது. கடையில் வாங்கிப் பொருத்தப்பட்டதாக அல்லாது, துன்பத்தின் ஊடாகப் பெற்ற வளர்ச்சியாகவே அம்மாற்றம் காட்டப்படுகிறது. 2001 இன் தொடரிலே பிற் கிளவுட் என்னும் இளைஞன் செலுத்தும் லைகர் சீரோவுக்கு மூன்று மாற்றுக் கவசங்கள் உள்ளன. ஒன்று வேகத்துக்கு, ஒன்று வாள்வீச்சுக்கு, ஒன்று பீரங்கிச் சூட்டுக்கு. இவற்றுள் மிக வலிய பீரங்கிக் கவசமே அச்சிங்கத்துக்குப் பெருஞ்சுமையாகிறது. அதன் உடல் வெப்பமேறித் தவிக்கிறது. மேலும் அச்சிங்கம் தனக்கென ஒரு விருப்பினை உடையது. பிறர் எவரையும் ஏற்காத அது இவ்வொருவனையே ஏற்கிறது. ஆயுதத்தைச் சுமப்பது யார், அச்சுமையை அது விரும்புகிறதா என்ற வினாவை இத்தொடர்கள் தயங்கித் தயங்கியேனும் எழுப்புகின்றன. விற்பனைக்காகப் படைக்கப்பட்ட ஒரு கதை, விற்கப்படும் பொருளுக்கே உள்ளம் இருக்கலாம் என ஐயுறுவது சுவையான முரண்பாடு எனலாம்.

3

கெரில்லா கேம்ஸ் நிறுவனம் 2017 இல் வெளியிட்ட ஹொறைசன் சீரோ டோன், இதே பொருளை எதிர்த்திசையிலிருந்து அணுகுகிறது. இங்கே இயந்திர விலங்கின்மீது ஏறிப் போரிடுதல் முதன்மையன்று. அவ்விலங்கை வேட்டையாடுதலே முதன்மை.

அதன் கதைப்பின்னணி சுருக்கமாக வருமாறு: இருபத்தோராம் நூற்றாண்டில் ரெட் பாறோ என்னும் பெருமுதலாளியின் நிறுவனம் போர்ப் பொறிகளைச் செய்து விற்கிறது. தம்மைத் தாமே பெருக்கவும், உயிர்ப்பொருளை எரிபொருளாக உட்கொள்ளவும் வல்ல அப்பொறிகள் 2060 களிற் கட்டுமீறிப் பூமியின் உயிர்களை முற்றாக அழிக்கின்றன. எலிசபெத் சோபெக் என்னும் விஞ்ஞானி வகுத்த திட்டத்தின்படி கையா என்னும் செயற்கை அறிவு உலகை மீண்டும் உயிர்ப்பிக்கிறது. நிலத்தையும் நீரையும் காற்றையும் சீர்செய்வதற்கு அது படைத்த தொழிற்பொறிகளே விலங்குருவம் பெற்றவை. மேய்வன, சுமப்பன, நீரைத் தூய்மை செய்வன என அவை ஒவ்வொன்றுக்கும் ஒரு தொழில் உண்டு. முப்பத்தோராம் நூற்றாண்டில் வாழும் ஏலோய் என்னும் வேட்டுவப் பெண் இவ்வுலகின் மறைபொருளைத் தேடிச் செல்வதே கதை.

இவ்விளையாட்டில் ஏலோயின் கையிலுள்ள வலிய கருவிகளுள் மின்னதிர்ச்சியும் ஒன்று. மின்னம்பு, மின்குண்டு, இரு முனைகளுக்கிடையே கட்டப்படும் மின்கம்பி எனப் பல வடிவில் அது கிடைக்கிறது. அம்பு பட்ட விலங்கின் தலைக்கு அருகே நீலக் குறி ஒன்று படிப்படியாக நிறைகிறது. நிறைந்ததும் விலங்கு துடித்து நிலத்தில் விழுகிறது. சில நொடிகள் கழிந்தபின் எழுகிறது.

இக்காட்சியைப் பௌதிகவியல் நோக்கில் எண்ணிப் பார்த்தல் பயனுடைத்து. உலோக ஓட்டினால் மூடப்பட்ட ஒரு பொருளின்மீது மின்னேற்றம் பாயுமாயின் அது பெரும்பாலும் வெளிப்புறத்தின் வழியே நிலத்தைச் சேரும். மைக்கேல் பரடே 1836 இல் நிறுவிக்காட்டிய உண்மை இது. மின்னல் தாக்கிய மோட்டார் வாகனத்தினுள் இருப்போர் பெரும்பாலும் தப்புவதன் காரணமும் இதுவே. மூட்டுகளினூடாகவோ பொறிப்புலன்களினூடாகவோ மின் உட்புகுமாயின் இலத்திரனியற் பாகங்கள் கருகிப் பயனற்றுப் போகக்கூடும். அல்லது கணினி நின்று மீளத் தொடங்குவதுபோல அப்பொறி நின்று இயங்கக்கூடும். ஆனால் கால்கள் வெட்டியிழுக்க, முதுகு வளைய, வாய் திறந்து அலறி வீழ்ந்து, பின் மெல்லத் தலையசைத்து எழுவது பொறியின் செயலன்று. அது தசையின் செயல். கல்வானியின் தவளைக்குரிய செயல். 2022 இல் வெளிவந்த இதன் தொடர்ச்சியாகிய ‘ஹொறைசன் போபிடன் வெஸ்ற்’ விளையாட்டில், கொன்ற பொறியிலிருந்து எடுத்துக்கொள்ளும் பொருள்களுள் ஒன்றுக்கு ‘இயந்திரத் தசை’ என்றே பெயர்.

இதனைப் பிழை எனக் கூறி ஒதுக்குவது எளிது. ஆயின் விமர்சகன் நோக்கில் இது பிழையன்று, வாக்குமூலம். படைப்பாளர் தாம் படைத்தவற்றை வாயளவிற் பொறி என்கின்றனர். அவற்றைத் துன்புறுத்தும் விதத்தைத் தெரிவுசெய்கையில் அவற்றை விலங்கென்றே கருதியிருக்கின்றனர்.

தொல்காப்பியர் மரபியலிலே உயிர்களை அறிவின் அளவால் வகுக்கையில், முதலாவதாக வைத்தது உற்றறிவு, அதாவது தொடுவுணர்வு. புல்லும் மரமும் அவ்வோர் அறிவினவே. சுவை, நாற்றம், காட்சி, கேள்வி என்பன அதன்மேல் ஒவ்வொன்றாக ஏறுகின்றன. உயிர் எனப்படுவதன் குறைந்தபட்ச அடையாளம் தொட்டால் உணர்தல் என்பது இவ்வகுப்பின் உட்கிடை. மின்னதிர்ச்சி தாக்குவது இவ்வடித்தளத்தையே. உற்றறிவு இல்லாத ஒன்றுக்கு மின்னதிர்ச்சியால் நோவு விளைவித்தல் இயலாது. எனவே மின்னம்பு பட்டுத் துடிக்கும் இயந்திர மான் குறைந்தது ஓரறிவுயிராகவேனும் ஏற்கப்பட்டுவிட்டது. ஏற்ற பின்னர் அதனைப் ‘பொறிதானே’ என்று கூறும் உரிமை படைப்புக்கும் இல்லை, விளையாடுவோனுக்கும் இல்லை.

4

இனி, மேம்படுத்தல் என்னும் பொருளுக்கு வருவோம். இவ்விளையாட்டில் அது இரு தரப்பிலும் நிகழ்கிறது என்பது கூர்ந்து கவனிக்கத்தக்கது.

ஏலோயின் தரப்பில் அது வெளிப்படையானது. வீழ்த்திய பொறிகளின் உடலிலிருந்து கம்பியும் கலமும் சுருளும் எடுக்கப்படுகின்றன. சிறிய காவற்பொறியாகிய வொச்சரின் உடலிற் கிடைக்கும் தீப்பொறிக் கலம் மின்னம்பு செய்வதற்கு உதவுகிறது. மின்வலிமையை நூற்றுவீத அளவிற் கூட்டும் சுருள்கள் படைக்கலத்திற் பொருத்தப்படுகின்றன. பச்சை, நீலம், ஊதா என நிறத்தால் அவை தரம் பிரிக்கப்படுகின்றன. 2022 இன் தொடர்ச்சியில் இம்முறை மேலும் இறுக்கமடைந்தது. ஒரு வில்லை அடுத்த படிக்கு உயர்த்தக் குறித்த ஒரு விலங்கின் குறித்த ஓர் உறுப்பு வேண்டும். அவ்வுறுப்புகளுட் சிலவற்றை அவ்விலங்கு உயிருடன் இருக்கையிலேயே பிரித்தெடுத்தல் வேண்டும். இறந்தபின் அவை பயன்படா.

விலங்குகளின் தரப்பில் நிகழும் மேம்பாடு கதையின் அடியில் மறைந்து கிடக்கிறது. பொறிகளை ஆக்கும் ஹெபெஸ்ரஸ் என்னும் துணைநுண்ணறிவு, கிரேக்கக் கொல்லுத் தெய்வத்தின் பெயரைத் தாங்கியது. மனிதர் தன் தொழிற்பொறிகளை ஓயாது கொன்று பாகங்களைக் கவர்வதைக் கண்டு, அவற்றைக் காக்கும் பொருட்டு அது போர்ப் பொறிகளை ஆக்கத் தொடங்குகிறது. முன்னர் மனிதரைக் கண்டால் விலகியோடிய பொறிகள் மூர்க்கம் கொண்டதன் காரணம் இதனோடு தொடர்புடையது. ஷெல் வோக்கர் எனப்படும் நண்டுருப் பொறி இதற்குத் தக்க உதாரணம். முதுகிற் பொதி சுமந்து செல்வது அதன் தொழில். ஆயின் அதன் ஒரு கொடுக்கு கேடயமாகவும் மறுகொடுக்கு மின்பாய்ச்சும் கருவியாகவும் அமைந்துள்ளன. சுமைகூலி தன் சுமையைக் காக்கத் தானே காவலனாகவும் ஆக்கப்பட்ட நிலை அது. ஸ்ரோம்பேர்ட் என்னும் பெரும்பறவைப் பொறியோ வானிலிருந்து மின்னலையே எறிகிறது. வேட்டுவர் மின்னைக் கையிலெடுத்தனர். விலங்குகளும் மின்னைப் பெற்றன.

கதை கூறும் நீதி தெளிவானது. படைக்கலப் போட்டி முடிவற்றது; அதனைத் தொடக்கியவர் மனிதரே. பாறோவின் நிறுவனம் முதலிற் சூழலைத் தூய்மைப்படுத்தும் பொறிகளைச் செய்து புகழீட்டியது என்பதும், அது ஆயுத வணிகத்துக்குத் திரும்பியபோதே சோபெக் அதனைவிட்டு விலகினார் என்பதும் அந்நீதியை வலியுறுத்துவன.

ஆயின் விளையாட்டின் செயன்முறை கூறும் நீதி இதற்கு நேர்மாறானது. கதை, ‘வேட்டை விலங்கை மூர்க்கமாக்கியது’ என்கிறது. செயன்முறையோ, ‘மேலும் வேட்டையாடு, இல்லையேல் முன்னேறமாட்டாய்’ என்கிறது. கதையைக் கேட்டு மனம் நொந்த அதே கணத்தில், அடுத்த சுருளுக்காக அடுத்த மந்தையைத் தேடுகிறோம். ஒரு கலைப்படைப்பின் உள்ளடக்கமும் உருவமும் ஒன்றையொன்று மறுக்கும் இந்நிலையை வெறும் கலைக்குறைபாடு எனக் கொள்வதோடு அமைதல் போதாது. போரை வெறுப்பதாகக் கூறியவாறே படைக்கலத்தைப் பெருக்கும் ஒரு சமூக அமைப்பின் முரண்பாடு, அச்சமூகத்தின் கேளிக்கையிலும் அவ்வாறே பதிந்துள்ளது எனலே பொருந்தும்.

இம்முரண்பாட்டைப் படைப்பாளர் முற்றாக உணர்ந்திலர் எனவும் கூறுவதற்கில்லை. 2017 நவம்பரில் வெளிவந்த ‘த புரோசன் வைல்ட்ஸ்’ என்னும் விரிவாக்கத்தில் ஸ்ரோம்சிலிங்கர் என்னும் மின்படைக்கலம் ஒன்று வருகிறது. வர்கா என்னும் கம்மியப் பெண் அதனை மேம்படுத்தித் தருகிறாள். தொடர்ந்து எய்ய எய்ய அதன் மின்னேற்றம் மிகுந்துகொண்டே போகும். நிறுத்த அறியாதவனை அக்கருவியே தாக்கும். ஏந்தியவனைச் சுடும் இப்படைக்கலம் முழுக்கதையின் சாரத்தையும் ஒரு கைப்பொருளாகத் திரட்டித் தருகிறது. இக்கட்டுரையாளனின் கருத்தில் இவ்விளையாட்டின் மிக உயர்ந்த கற்பனை இதுவே. கதையும் செயன்முறையும் இவ்வோரிடத்தில் மட்டுமேனும் ஒரே குரலிற் பேசுகின்றன.

5

இக்கருத்துகளுக்கு எழக்கூடிய மறுப்புகள் இரண்டு.

முதலாவது: மின்னதிர்ச்சி கொலையினும் மென்மையானது அன்றோ? வாளாலும் குண்டாலும் கொல்வதைவிட, சற்றே மயக்கி வீழ்த்துதல் அருளுடைய செயல் அன்றோ? மெய்யுலகிலும் இவ்வாதம் ஓயாது கேட்கப்படுகிறது. பொலிசாரின் துப்பாக்கிக்கு மாற்றாகவே ரேசர் பரிந்துரைக்கப்பட்டது. துப்பாக்கி எடுக்கப்பட்டிருக்கக்கூடிய இடத்தில் அது எடுக்கப்பட்டு உயிர் தப்பிய சந்தர்ப்பங்கள் உண்டு என்பதை மறுத்தல் முறையன்று. ஆனால் உடலில் வடு விடாமை என்னும் இதே இயல்பே மின்கருவியைச் சித்திரவதையாளனுக்கும் உகந்ததாக்கியது. உலகின் பல நாடுகளில் அது அவ்வாறு பயன்பட்டதைச் சர்வதேச மன்னிப்புச் சபை நெடுங்காலமாக ஆவணப்படுத்தி வந்துள்ளது. கைதிகளுக்கு அணிவிக்கும் மின்னதிர்ச்சிப் பட்டிகளின் ஏற்றுமதியை ஐரோப்பிய ஒன்றியம் 2005 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதியாற் தடைசெய்ய நேர்ந்ததும் இதனாலேயே. மென்மை என்பது கருவியில் இல்லை. கருவியை ஏந்தியவனின் நோக்கத்திலும், அவனைக் கட்டுப்படுத்தும் சட்டத்திலுமே உள்ளது.

விளையாட்டுக்குத் திரும்பினால் இவ்வுண்மை இன்னும் துலக்கமாகும். மின்னால் வீழ்ந்த விலங்கின் அருகே சென்றதும் திரையில் ஒரு குறிப்புத் தோன்றுகிறது. பொத்தானை அழுத்தினால் ஏலோய் தன் ஈட்டியை அதன் உடலிற் பாய்ச்சுவாள். வீழ்ந்திருக்கையிற் பாய்ச்சும் அக்குத்து மிக வலியது. ஆகவே இங்கு மின்னதிர்ச்சி கொல்லாமைக்கான வழியன்று. கொலையை எளிதாக்கும் முற்படி. மறைந்து அணுகிச் சில பொறிகளை வசப்படுத்தித் துணையாக்கிக்கொள்ளும் மாற்றுவழியை இவ்விளையாட்டுத் தருகின்றது என்பது மெய். அவ்வழியே கதையின் அறத்துக்கு இயைந்தது. ஆயின் வசப்பட்ட விலங்கு சுருளும் கலமும் தருவதில்லை. அறத்துக்கு இயைந்த வழிக்கு ஊதியம் குறைவு.

இரண்டாவது மறுப்பு: இவை யாவும் திரையில் அசையும் ஒளிப்புள்ளிகளே, அவற்றுக்கு நோவு இல்லை, பின் எதன்பொருட்டு இத்துணைக் கவலை? கலைக்கு எதிரான மிகப் பழைய வாதம் இது. மேடையில் அழும் கோவலன் மனைவிக்கும் மெய்யான துயர் இல்லை. எனினும் நாம் அழுகிறோம். மெய்ப்பாடு தோன்றுமிடம் மேடையன்று, காண்போன் உள்ளம். எனவே வினவவேண்டியது ஒளிப்புள்ளி நோகிறதா என்பதன்று. துடித்து வீழும் அவ்வுருவைக் காண்கையில் நம்முள் எழும் மெய்ப்பாடு யாது என்பதே. தொல்காப்பியர் கூறும் எண்வகையுள் அது அழுகையா, மருட்கையா, பெருமிதமா?

இக்கட்டுரையாளன் தன் அனுபவத்தையே சான்றாக வைக்க விரும்புகிறான். விடுதியில் நண்பர் ஒருவரின் கணினியில் இவ்விளையாட்டை முதன்முதலாக ஆடியபோது, மின்கம்பியிற் சிக்கி வீழ்ந்த விலங்கைக் கண்டு கை சற்றே தயங்கியது. முதுகிற் பொதியோடு வரிசையாய்ச் சென்ற நண்டுருப் பொறிகளைத் தாக்காமல் நெடுநேரம் பார்த்திருந்ததும் உண்டு. அவற்றின் நடையில் வேலை முடிந்து திரும்புவோரின் சோர்வு இருந்தது. நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, அதே வரிசை கண்முன் வந்தபோது கண்ணிற் பட்டவை பொதியும் நடையும் அல்ல. எவ்வுறுப்பில் எப்பாகம் உள்ளது, நீலக் குறி நிறைய எத்தனை அம்பு வேண்டும் என்பனவே. அன்று மூன்று பொறிகள் வீழ்ந்தன. உள்ளத்தில் எழுந்தது பெருமிதம். அருகிலிருந்த நண்பர், ‘முந்தி உதுகளைப் பார்த்துக்கொண்டெல்லோ இருந்தனீர்?’ என்று கேட்டார். அவர் கேட்டிராவிடின் அம்மாற்றம் நிகழ்ந்ததையே அறிந்திருக்க முடியாது. இக்கட்டுரை பிறந்தது அக்கேள்வியில்.

மேம்படுத்தல் என்பது படைக்கலத்தில் மட்டும் நிகழ்வதன்று என்பதே அவ்வனுபவம் புகட்டிய பாடம். ஒவ்வொரு சுருளுக்கும் கருவியின் எண் ஏறுகிறது. அவ்வெண்ணை நோக்கும் கண்ணுக்கு எதிரே நிற்பதன் உருவம் தேய்கிறது. உயிர் உறுப்புகளாகவும், உறுப்பு விலையாகவும் மாறுகிறது. பண்ட உற்பத்திச் சமூகத்தில் மனிதர் ஒருவரையொருவர் நோக்கும் முறையே இது எனச் சமூகவியலாளர் கூறுவதுண்டு. நூலிற் படித்தறிந்த அவ்வுண்மையைத் தன் விரல்நுனியில் உணர்வது வேறு.

6

முடிவாக நோக்குமிடத்து, இவ்விரு படைப்புகளும் ஒரே உண்மையின் இரு பாதிகளைத் தருகின்றன எனலாம். சொயிட்ஸ், ஆயுதத்தைச் சுமக்கும் விலங்கின் பக்கம் நின்று, ‘இச்சுமை உனக்கு வேண்டுமா?’ என வினவுகிறது. ஆனால் சுமையை விற்றும் கொள்கிறது. ஹொறைசன், ஆயுதத்தால் வீழும் விலங்கின் பக்கம் நின்று, ‘இதனை மூர்க்கமாக்கியது யார்?’ என வினவுகிறது. ஆனால் வீழ்த்தினாலன்றி முன்னே செல்ல விடுவதில்லை. வினாவை எழுப்பியமை இவற்றின் சிறப்பு. விடைக்கு அஞ்சியமை இவற்றின் எல்லை.

இத்தகைய விளையாட்டுகளைத் தடைசெய்தல் வேண்டும் என்பதோ, இளைஞர் இவற்றை விட்டொழித்தல் வேண்டும் என்பதோ எமது கருத்தன்று. அவ்வாறு கூறுவோர் பெரும்பாலும் அவற்றை ஆடியறியாதோரே. வேண்டப்படுவது விமர்சனப் பிரக்ஞையுடன் ஆடுதல். அதற்கு ஓர் எளிய அளவுகோலும் உண்டு. மின்னம்பு பட்டுத் துடிக்கும் உருவம், பொறியாயினும் விலங்காயினும் மனிதனாயினும், உற்றறிவு உடையது போலத் தோன்றும் கணம் ஒன்று உண்டு. அக்கணத்தில் நமது கண் எங்கே செல்கிறது? துடிக்கும் உடலுக்கா, நிறையும் நீலக் குறிக்கா? இவ்வினாவுக்கு ஒவ்வொருவரும் தத்தமக்குள் மெய்யாக விடை கூறுவாராயின், இவ்விளையாட்டுகள் தாம் கற்பிக்க எண்ணியதைவிட அதிகமாகவே கற்பித்தனவாகும்.